ரைபோசோம் படிகவியல்: வெங்கி ராமகிருஷ்ணனின் ஆய்வுப் பாதை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செல்லில் புரதங்களைத் தயாரிக்கும் ரைபோசோமின் அமைப்பை அணு அளவில் கண்டறிந்ததற்காக 2009-இல் வேதியியல் நோபல் பரிசு மூவருக்குக் கிடைத்தது: வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத். சிதம்பரத்தில் பிறந்தவர் என்பதால் ராமகிருஷ்ணனைப் பற்றித் தமிழில் நிறையவே எழுதியாகிவிட்டது. அவர் மேசையில் என்னதான் வேலை நடந்தது, எங்கே சிக்கியது, எப்படி அவிழ்ந்தது என்பது மட்டும் பெரும்பாலும் இரண்டு வரியில் முடிந்துவிடுகிறது. முதுகலை முடித்துவிட்டுப் புரதப் படிகவியல் பக்கம், அதாவது புரதத்தைப் படிகமாக்கி எக்ஸ்-கதிரால் அதன் அமைப்பைக் காணும் துறைக்கு, போகலாமா என்று யோசிப்பவர்களுக்காக எழுதியது இது.

இயற்பியல் படித்தவர் ரைபோசோமுக்கு எப்படி வந்தார்?

பிறந்தது 1952. மூன்று வயதில் குடும்பம் பரோடாவுக்குக் குடிபெயர்ந்தது. 1971-இல் பரோடா பல்கலைக்கழகத்தில் இளநிலை இயற்பியல், 1976-இல் அமெரிக்காவின் ஒஹாயோ பல்கலைக்கழகத்தில் இயற்பியல் முனைவர் பட்டம். பட்டம் வாங்கிய கையோடு அந்தத் துறையை விட்டுவிட்டு, சான் டியேகோவில் உயிரியல் மாணவராகப் புதிதாகச் சேர்ந்தார். இரண்டு ஆண்டு பாடமும் ஆய்வகப் பயிற்சியும் முடித்தார். இரண்டாவது முனைவர் பட்டம் வரை காத்திருக்கவில்லை. 1978-இல் யேல் பல்கலைக்கழகத்தில் பீட்டர் மூரின் ஆய்வகத்தில் சேர்ந்தபோதுதான் ரைபோசோம் கைக்கு வந்தது.

அதன் பிறகு சுமார் 50 பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தும் ஆசிரியப் பணி அமையவில்லை. ஓக் ரிட்ஜில் கொஞ்ச காலம், 1983 முதல் 1995 வரை புரூக்ஹேவன் தேசிய ஆய்வகம், பிறகு யூட்டா பல்கலைக்கழகம், 1999 முதல் கேம்பிரிட்ஜில் உள்ள மூலக்கூறு உயிரியல் ஆய்வகம். ரைபோசோமின் சிறிய பாதியான 30எஸ் துணை அலகின் (பெரிய பாதி 50எஸ்) 5.5 ஆங்ஸ்ட்ராம் பிரிதிறன் வரைபடம் (ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு; எண் குறையக் குறைய நுணுக்கம் கூடும்) வெளியானபோது அவருக்கு வயது 47. அவசரப்படுகிறவர்களுக்கு ஏற்ற துறை இதுவல்ல.

யேலில் செய்தது படிகவியலா?

இல்லை, நியூட்ரான் சிதறல். 30எஸ் துணை அலகை அதன் 16எஸ் ஆர்என்ஏவும் 21 புரதங்களுமாகப் பிரித்து, மறுபடியும் சேர்க்கலாம். சேர்க்கும்போது ஏதாவது இரண்டு புரதங்களை மட்டும் கன ஹைட்ரஜன் ஏற்றியவையாக வைத்தால், நியூட்ரான் கற்றைக்கு அந்த இரண்டும் தனித்துத் தெரியும். அவற்றின் மையங்களுக்கு இடையிலான தூரம் கிடைக்கும். ஜோடி ஜோடியாக இப்படி அளந்து, 21 புரதங்களின் இடங்களையும் 1987-இல் முழுமையாக வெளியிட்டார்கள்.

அதோடு அந்த முறையின் எல்லை முடிந்துவிட்டது. கிடைத்தது வெளியில் 21 புள்ளிகள். ஆர்என்ஏ எப்படி மடிந்திருக்கிறது, மரபுக்குறியீட்டை எந்த அணு படிக்கிறது என்பதற்கெல்லாம் அதில் விடை கிடையாது. கருவியைத் திறமையாகக் கையாளத் தெரிந்தவர்கள் இந்த இடத்தில்தான் தேங்கிப்போவார்கள்; தெரிந்த முறையில் இன்னும் பத்துக் கட்டுரை எழுதலாம் அல்லவா! ராமகிருஷ்ணன் 1980-களின் இறுதியில் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரில் படிகவியல் பயிற்சி வகுப்புக்குப் போனார். 1991–92-இல் கேம்பிரிட்ஜில் ஓராண்டு தங்கிக் கற்றார். முதலில் கைபழகியது சிறிய புரதங்களில்: ரைபோசோம் புரதமான எஸ்5, 1992-இல், ஹிஸ்டோன் எச்5-இன் உருண்டைப் பகுதி, 1993-இல்.

ரைபோசோம் இருக்கட்டும். ஒரு சாதாரணப் புரதத்தைப் படிகமாக்க என்ன தேவை?

முதலில் சுத்தமான புரதம், 10 மி.கி. இருந்தால் நிம்மதி. வழக்கமான பாதை இது. மரபணுவை ஆறு ஹிஸ்டிடின் வாலோடு ஈ. கோலை பிஎல்21 செல்லுக்குள் ஏற்றி, ஒரு லிட்டர் கல்ச்சரை 37 டிகிரியில் ஒளியடர்த்தி 0.6–0.8 வரும்வரை வளர்ப்பார்கள். பிறகு 18 டிகிரிக்கு இறக்கி, புரத உற்பத்தியைத் தூண்டும் ஐபிடிஜியை 0.2–0.5 மில்லிமோலார் சேர்த்து இரவு முழுக்க விடுவார்கள். வெப்பநிலையை இறக்காமல் ஐபிடிஜி சேர்த்தால் பல புரதங்கள் சரியாக மடியாமல் கட்டியாகி வண்டலோடு போய்விடும்.

செல்லை உடைத்து, நிக்கல் பத்தியில் (column) ஏற்றி, 20 மில்லிமோலார் இமிடசோலில் கழுவி, 250–300-இல் இறக்க வேண்டும். வாலை டெவ் புரோட்டியேஸ் என்ற நொதி கொண்டு வெட்டிவிட்டு, கடைசியாக அளவு பிரிப்புப் பத்தியில் ஓட்ட வேண்டும். அங்கே ஒற்றைச் சமச்சீர் முகடு வர வேண்டும். தோள் தூக்கிய முகடு வந்தால் இரண்டு மூன்று நிலைகள் கலந்திருக்கின்றன என்று பொருள். அந்த மாதிரியைப் படிக ஸ்க்ரீனில், அதாவது பல கரைசல்களை ஒரே நேரத்தில் சோதிக்கும் தொகுப்பில், போடுவது புரதத்துக்கும் கேடு, பிளேட்டுக்கும் கேடு.

பஃபர் எளிமையாக இருக்கட்டும்: 10–20 மில்லிமோலார் ஹெப்பிஸ், 100–150 மில்லிமோலார் சோடியம் குளோரைடு. பாஸ்பேட் பஃபர் வேண்டாம். ஸ்க்ரீனில் உள்ள கால்சியம், மெக்னீசியத்தோடு அது சேர்ந்து அழகழகான உப்புப் படிகங்களைக் கொடுக்கும். கிளிசராலும் 5 சதவீதத்துக்கு மேல் வேண்டாம். செறிவு பொதுவாக 5–20 மி.கி./மி.லி. சரியான செறிவைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு: முதல் ஸ்க்ரீனில் பாதிக்கு மேற்பட்ட துளிகள் உடனே வீழ்படிவாகக் கலங்கினால் செறிவு அதிகம், கிட்டத்தட்ட எல்லாமே ஒரு வாரம் கழித்தும் தெளிவாக இருந்தால் குறைவு.

துளி போடுவது எப்படி?

இயந்திரம் இருந்தால் 96 குழி பிளேட், குழிக்கு 50–100 மைக்ரோலிட்டர் தேக்கக் கரைசல், துளியில் 100–200 நானோலிட்டர் புரதம், அதே அளவு தேக்கக் கரைசல். கையால் போடுவதானால் 24 குழி பிளேட், 500 மைக்ரோலிட்டர் தேக்கம், கண்ணாடி வில்லையில் 1+1 மைக்ரோலிட்டர், கிரீஸ் தடவித் தலைகீழாகக் கவிழ்த்து மூட வேண்டும். கிரீஸ் வளையத்தில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் துளி உலர்ந்துவிடும். பிறகு அங்கே தெரிகிற ஊசிகள் உப்பு.

துளியில் வீழ்படிவுப் பொருளின் செறிவு தேக்கத்தில் உள்ளதில் பாதி. எனவே நீர் ஆவியாகத் துளியிலிருந்து தேக்கத்துக்குப் போகும், துளி மெல்லச் சுருங்கும், புரதம் மிகைச் செறிவு நிலைக்கு ஏறும். ஏற்றம் வேகமாக இருந்தால் நூற்றுக்கணக்கில் பொடிப்படிகம். மெதுவாக இருந்தால் பெரிதாக ஒன்றிரண்டு. 4 டிகிரியிலும் 20 டிகிரியிலும் ஒரே ஸ்க்ரீனைப் போட்டு, முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், பிறகு வாரம் ஒருமுறை பார்த்தால் போதும். தினமும் எடுத்து ஆட்டிப் பார்ப்பதால் கெடுவதுதான் அதிகம்.

வந்தது உப்பா புரதமா என்று எப்படித் தெரியும்?

ஊசியால் தொட்டுப் பாருங்கள். புரதப் படிகத்தில் பாதியளவுக்கு நீர் இருப்பதால் மெத்தென்று நொறுங்கும். உப்பு நறுக்கென்று உடையும், சில நேரம் சத்தமே கேட்கும். சாயம் ஏற்றினால் புரதப் படிகத்தின் கால்வாய்களுக்குள் நீலம் புகும், உப்புக்குள் புகாது. புறஊதா நுண்ணோக்கி இருந்தால் டிரிப்டோஃபான் உள்ள புரதம் ஒளிரும். இறுதித் தீர்ப்பு எக்ஸ்-கதிரிடம்: சில புள்ளிகள் மட்டும், மிகத் தள்ளித் தள்ளி, பளிச்சென்று இருந்தால் உப்பு.

ரைபோசோமை ஏன் வெந்நீர் ஊற்று பாக்டீரியாவிலிருந்து எடுத்தார்கள்?

தெர்மஸ் தெர்மோஃபிலஸ் சுமார் 70 டிகிரியில் வளர்கிறது. அந்தச் சூட்டில் வேலை செய்யும் ரைபோசோம் அறைவெப்பத்தில் விறைப்பாக, குலையாமல் இருக்கும். இந்த 30எஸ்-இன் படிகங்களை 1980-களிலேயே ரஷ்யாவின் புஷ்சினோ குழுவும் யோனத்தின் குழுவும் வளர்த்துவிட்டன. ஆனால் சிதறல் பல ஆண்டுகள் மேம்படவே இல்லை.

பிரித்தெடுப்பதில் மெக்னீசியம்தான் சாவி. 10 மில்லிமோலார் அளவில் இருந்தால் முழு 70எஸ் ரைபோசோம் ஒட்டியிருக்கும். 1 மில்லிமோலாருக்குக் குறைத்தால் 30எஸ், 50எஸ் என்று பிரியும். சுக்ரோஸ் சரிவுக் கரைசலில் சுழற்றி இரண்டையும் தனியாக்கலாம். ஆர்என்ஏவை வெட்டும் நொதி விரல் நுனியிலேயே இருக்கிறது. கையுறை இல்லாமல் ஒரு குழாயைத் திறந்தால் மூலக்கூறுகளில் ஒரு பகுதி துண்டாகிவிடும். ஜெல்லில் உடனே தெரியாது, படிகத்தில் தெரியும்.

எஸ்1 புரதத்தைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

ராமகிருஷ்ணன் குழுவின் வெற்றியில் பெரும்பங்கு அதற்கு உண்டு என்பதால். 30எஸ்-இல் எஸ்1 என்ற பெரிய, ஆடும் புரதம் தளர்வாக ஒட்டியிருக்கிறது. தயாரிப்பின்போது சில துகள்களில் அது கழன்றுவிடும், சிலவற்றில் நிற்கும். அதாவது நீங்கள் "சுத்தமான 30எஸ்" என்று நினைப்பது இரண்டு வெவ்வேறு பொருள்களின் கலவை. படிகம் வளரும், பார்க்கவும் நன்றாக இருக்கும், ஆனால் உள்ளே வரிசை சரியாக அமையாது. எஸ்1-ஐ முழுவதுமாக நீக்கிவிட்ட பிறகு படிகங்கள் மேம்பட்டன.

நல்ல பிரிதிறன் கிடைக்காவிட்டால் பலர் உடனே அதிக வலுவான கற்றையைத் தேடிப் போகிறார்கள். முதலில் ஜெல்லைப் பார்க்க வேண்டும்: எந்தப் பட்டை முழு அளவில் இல்லை, எந்தப் பட்டை தேய்கிறது? நெகிழும் நுனி, பாதி கழன்ற துணைப்புரதம், பாதி பாஸ்பேட் ஏறிய பக்கச்சங்கிலி ஆகியவைதான் வழக்கமான குற்றவாளிகள். பகுதி செரிமானம் செய்து, அதாவது நொதியால் லேசாக வெட்டிப் பார்த்து, நெகிழும் பகுதியைக் கண்டுபிடித்து, அதை வெட்டிய புதிய கட்டுமானத்தைச் செய்வது ஒரு மாத வேலை. மிக வலுவான எக்ஸ்-கதிர் தரும் சின்க்ரோட்ரானில் வீணாகும் நேரத்தோடு ஒப்பிட்டால் மலிவு.

படிகத்தை ஏன் உறைய வைக்கிறார்கள்?

எக்ஸ்-கதிர் படிகத்தை அழிக்கிறது. 100 கெல்வினில் அந்த அழிவு பலமடங்கு மெதுவாகும். ரைபோசோம் படிகங்களைக் குளிரவைத்து அளக்கும் வழியைத் திறந்ததில் யோனத்துக்கும் ஹோகோன் ஹோப்புக்கும் பெரும் பங்குண்டு.

சிக்கல், நீர் பனிக்கட்டியாகும்போது படிகத்தை உடைத்துவிடும். அதனால் 20–25 சதவீதம் கிளிசரால் போன்ற ஒன்றில் சில நொடி தோய்த்து, நைலான் லூப்பில் எடுத்து, திரவ நைட்ரஜனில் சட்டென்று அமிழ்த்த வேண்டும். தயங்கினால் லூப்பின் மேல் உள்ள படலம் உலரும். படத்தில் 3.9, 3.67, 3.44 ஆங்ஸ்ட்ராமில் வளையங்கள் தெரிந்தால் பனிக்கட்டி உருவாகிவிட்டது. 30எஸ் படிகங்கள் எம்பிடி என்ற கரைப்பானில், 4 டிகிரி குளிரறையில் வாரக்கணக்கில் வளர்ந்தவை. எம்பிடியே உறைபாதுகாப்பும் செய்யும் என்பதால் அதன் செறிவை 26 சதவீதம் வரை ஏற்றி உறைய வைத்தார்கள்.

ஃபேஸ் பிரச்சினை என்றால் என்ன? ரைபோசோமில் அது ஏன் அத்தனை கடினம்?

கருவி பதிவு செய்வது ஒவ்வொரு புள்ளியின் வலிமையை மட்டும். அந்த அலை எந்தக் கட்டத்தில் வந்து சேர்ந்தது என்பது, அதாவது ஃபேஸ், பதிவாவதில்லை. அது இல்லாமல் எலக்ட்ரான் அடர்த்தி வரைபடம் கிடையாது. 1953-இல் மேக்ஸ் பெருட்ஸ் ஹீமோகுளோபினில் பாதரசத்தை ஏற்றி, ஏற்றிய படிகத்துக்கும் ஏற்றாததற்கும் உள்ள வலிமை வேறுபாட்டிலிருந்து ஃபேஸைக் கணக்கிட வழி காட்டினார்.

ஹீமோகுளோபினின் நிறை சுமார் 64,500 டால்டன். 30எஸ் அதைப்போல் 13 மடங்கு, சுமார் 8.5 லட்சம். ஒரு பாதரச அணு கொண்டுவரும் 80 எலக்ட்ரான் இந்தக் கூட்டத்தில் காணாமல் போய்விடும். இதற்கு இரண்டு வழிகள் கைகொடுத்தன. ஒன்று, பல கன அணுக்கள் ஒரே கட்டாக உள்ள டங்ஸ்டன் கொத்துகள். குறைந்த பிரிதிறனில் அந்தக் கொத்து முழுவதும் ஒரே பெரிய அணுவாகச் சிதறும். யேலில் ஸ்டைட்ஸ் குழு 50எஸ்-இல் 18 டங்ஸ்டன் கொண்ட கொத்தை ஏற்றி, அது உட்கார்ந்த இடத்தை எலக்ட்ரான் நுண்ணோக்கி வரைபடத்தின் துணையோடு கண்டுபிடித்து, 1998-இல் 9 ஆங்ஸ்ட்ராம் வரைபடம் தந்தது.

இரண்டாவது வழி, ராமகிருஷ்ணன் குழுவுக்கு மிகவும் பயன்பட்ட ஆஸ்மியம் ஹெக்ஸாமீன். ஆறு நீர் மூலக்கூறு சூழ்ந்த மெக்னீசியம் ஆர்என்ஏவின் பள்ளங்களில் உட்காரும். ஆறு அம்மோனியா சூழ்ந்த ஆஸ்மியம் கிட்டத்தட்ட அதே அளவு, அதே வடிவம். மெக்னீசியத்தின் இடங்களில் ஆஸ்மியம் போய் அமர்ந்துகொள்ளும், அதுவும் ஒன்றல்ல, பல. சின்க்ரோட்ரானில் அலைநீளத்தை ஆஸ்மியத்தின் உறிஞ்சல் விளிம்புக்கு, சுமார் 1.14 ஆங்ஸ்ட்ராமுக்கு, திருப்பினால் அந்த அணுக்களின் முரண்சிதறல் (அணு வழக்கத்துக்கு மாறாகச் சிதறுவது) உச்சத்தில் இருக்கும். ஒரே படிகத்திலிருந்தே ஃபேஸ் தகவல் வரும். விளிம்பைப் பாடப்புத்தக எண்ணை வைத்து அமைக்கக் கூடாது. படிகத்திலேயே ஒளிர்வு அளந்து அமைக்க வேண்டும். வேதிச்சூழல் விளிம்பைச் சில எலக்ட்ரான்வோல்ட் நகர்த்தும், அந்தச் சில எலக்ட்ரான்வோல்ட்டில் சமிக்ஞை பாதியாகிவிடலாம்.

இன்னொரு தலைவலி, படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் அலகின் அளவு: இரு பக்கம் சுமார் 401 ஆங்ஸ்ட்ராம், மூன்றாவது 175. அலகு பெரிதானால் புள்ளிகள் நெருங்கும். கருவியைத் தள்ளி வைத்து, ஒரு படத்துக்குச் சுழற்சியை மிகச் சிறிதாக வைக்காவிட்டால் பக்கத்துப் புள்ளியோடு கலந்துவிடும்.

5.5 ஆங்ஸ்ட்ராம் வரைபடத்தில் என்னதான் தெரியும்?

எதிர்பார்ப்பதைவிட அதிகம். ஆர்என்ஏ இரட்டைச் சுருள்கள் முறுக்கோடு தெரியும். புரதங்களின் ஆல்ஃபா சுருள்கள் கம்பிகளாகத் தெரியும். எஸ்5 போலத் தனியாகத் தீர்த்து வைத்திருந்த புரதங்களை அந்தக் கம்பிகளுக்குள் பொருத்த முடிந்தது. முதலில் சில்லறை வேலையாகத் தோன்றிய சிறு புரத ஆய்வுகள் அங்கே பலன் கொடுத்தன. அந்த வரைபடம் 1999 ஆகஸ்டிலும், 3 ஆங்ஸ்ட்ராம் அமைப்பு 2000 செப்டம்பரிலும் வந்தன. பின்னதில்தான் ஒவ்வொரு காரத்தையும் பக்கச்சங்கிலியையும் வைக்க முடிந்தது. அதே 2000-இல் ஸ்டைட்ஸ்–மூர் குழுவின் 50எஸ் 2.4 ஆங்ஸ்ட்ராமிலும், யோனத் குழுவின் 30எஸ் 3.3 ஆங்ஸ்ட்ராமிலும் வெளிவந்தன.

அமைப்பு கிடைத்ததால் உயிரியலுக்கு என்ன லாபம்?

இங்கே படிகத்தின் அடுக்கு ஒரு உதவி செய்தது. 30எஸ் படிகத்தில் ஒரு மூலக்கூறின் நீட்டிய ஆர்என்ஏ கொக்கி, அடுத்த மூலக்கூறின் பி இடத்தில், அமினோ அமிலத்தைக் கொண்டுவரும் டிஆர்என்ஏ போலவே நுழைந்து நிற்கிறது. புதிய டிஆர்என்ஏ வந்து சேரும் ஏ இடம் காலியாக இருக்கிறது. அதனால் வளர்ந்த படிகத்தை அப்படியே ஒரு கரைசலில் ஊறவைத்து, ஆறு யூரிடின் கொண்ட குட்டி எம்ஆர்என்ஏவையும் (மரபுச் செய்தியைச் சுமக்கும் ஆர்என்ஏ) டிஆர்என்ஏவின் நுனித் துண்டையும் உள்ளே செலுத்த முடிந்தது.

2001-இல் வந்த விடை இதுதான்: எம்ஆர்என்ஏவின் மூன்றெழுத்தோடு டிஆர்என்ஏவின் மூன்றெழுத்து சரியாக ஜோடி சேர்ந்தால் 16எஸ் ஆர்என்ஏவின் ஏ1492, ஏ1493 என்ற அடினைன்கள் இரண்டும் வெளியே புரண்டு வந்து, ஜோடியின் சிறு பள்ளத்தைத் தடவிப் பார்க்கின்றன, ஜி530-உம் நிலை மாறுகிறது. முதல் இரண்டு எழுத்துகளின் வடிவத்தைக் கறாராகவும் மூன்றாவதைத் தளர்வாகவும் சோதிக்கிறது ரைபோசோம். பாரமோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி அந்த இரு அடினைன்களையும் முன்கூட்டியே வெளியே தள்ளிவிடுகிறது. அதனால் தவறான டிஆர்என்ஏவும் தேர்வில் தேறிவிடுகிறது, பாக்டீரியா தப்பான புரதங்களைச் செய்கிறது.

கட்டிய மாதிரி சரிதான் என்று எதை வைத்து நம்புவது?

தரவில் சுமார் 5 சதவீதத்தை முதலிலேயே ஒதுக்கி வைத்து, திருத்தத்தில் பயன்படுத்தாமல், அதோடு மட்டும் ஒப்பிடும் எண் ஆர்-ஃப்ரீ. ஆர் என்பது பயன்படுத்திய தரவோடு மாதிரி எவ்வளவு முரண்படுகிறது என்பதன் எண். 2 ஆங்ஸ்ட்ராம் அமைப்புக்கு ஆர் 0.20, ஆர்-ஃப்ரீ 0.24 என்றால் இயல்பு. இடைவெளி 0.07-ஐத் தாண்டினால் தரவுக்கு மீறி மாதிரியைத் திணித்திருக்கிறீர்கள். அடுத்தது, புரத முதுகெலும்பின் கோணங்கள் இயல்பானவையா என்று காட்டும் ராமச்சந்திரன் வரைபடம்: 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் தந்தது (இந்த ராமகிருஷ்ணன் வேறொருவர்). நல்ல அமைப்பில் 98 சதவீதம் அமினோ அமிலங்கள் மிகவும் சாதகமான பகுதியில் விழ வேண்டும். விலகி நிற்கும் ஒன்றிரண்டை வலிந்து உள்ளே தள்ளாதீர்கள். அடர்த்தி தெளிவாக இருந்து கோணம் விசித்திரமாக இருந்தால் அது பெரும்பாலும் வினைமையத்தில் இருக்கும், அதுவே செய்தி.

புரத வடிவத்தைக் கணினியில் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டும், உறைய வைத்த மாதிரியைப் பார்க்கும் கிரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கியும் வந்தபின் படிகவியலுக்கு வருவது புத்திசாலித்தனமா?

ரைபோசோம் போன்ற பெரிய பொருள்களுக்குப் படிகம் இனி தேவையில்லை. ராமகிருஷ்ணன் குழுவே 2014-இல் ஈஸ்ட் மைட்டோகாண்ட்ரியாவின் பெரிய துணை அலகை, படிகமே இல்லாமல், நுண்ணோக்கியில் 3.2 ஆங்ஸ்ட்ராமில் கண்டது. நியூட்ரானை விட்டதுபோல இதையும் விட்டார்கள். ஃபேஸ் பிரச்சினையும் பெருமளவு இலகுவாகிவிட்டது: 2021-க்குப் பின் ஆல்ஃபாஃபோல்டு மாதிரியைத் தேடல் மாதிரியாக வைத்தே பல புரதங்கள் தீர்கின்றன.

ஆனால் சிறிய புரதம், அதில் ஒட்டிய சின்ன மருந்து மூலக்கூறு, 1.5 ஆங்ஸ்ட்ராமில் நீர் மூலக்கூறுகள் உட்படப் பார்க்க வேண்டும் என்றால் படிகம்தான். 2020-இல் கொரோனா வைரஸின் முதன்மைப் புரோட்டியேஸைக் கொண்டு இங்கிலாந்தின் டைமண்ட் சின்க்ரோட்ரானில் நடந்தது இத்தகைய வேலை: படிகங்களை ஏராளமாக வளர்த்து, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு துண்டு மூலக்கூறை ஊறவைத்து அளப்பது. மருந்து நிறுவனங்கள் ஆள் தேடுவதும் இதற்குத்தான். ஆகவே "படிகவியலாளர்" என்ற அடையாளத்துக்காக வராதீர்கள். ஒரு உயிரியல் கேள்வியோடு வாருங்கள், புரதம் சுத்தம் செய்யக் கற்றுக்கொள்ளுங்கள். நுண்ணோக்கிக்குப் போனாலும் அந்தக் கைத்திறன் அப்படியே உதவும்.

இந்தியாவில் இதைச் செய்ய முடியுமா?

முடியும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் ராமச்சந்திரன் தொடங்கிய படிகவியல், உயிர் இயற்பியல் துறை உள்ளது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில், டோரதி ஹாட்ஜ்கினிடம் இன்சுலின் ஆய்வில் இருந்து திரும்பிய எம். விஜயன் வளர்த்த மரபு உள்ளது. இந்தூரில் இந்தஸ்-2 சின்க்ரோட்ரானில் புரதப் படிகவியலுக்கென்றே ஒரு கற்றைவரிசை இயங்குகிறது. சேர்வதற்கு சிஎஸ்ஐஆர்-நெட் போன்ற உதவித்தொகைத் தேர்வு வேண்டும். ஆய்வகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இதழ்களின் பெயரை மட்டும் பார்க்காமல், அங்கே குளிரறை வேலை செய்கிறதா, அளவு பிரிப்புப் பத்தி யார் பொறுப்பில் இருக்கிறது என்றும் கேளுங்கள்.

30எஸ் அமைப்பை நானே பார்க்கலாமா?

இலவசமாகப் பார்க்கலாம். புரதத் தரவு வங்கியில் 1ஜே5இ (1J5E) என்பது 3 ஆங்ஸ்ட்ராம் அமைப்பு. 50,000-க்கும் மேற்பட்ட அணுக்கள் இருப்பதால் பழைய கணினி திணறும், ஆர்என்ஏவை மட்டும் முதுகெலும்பாகக் காட்டச் சொல்லுங்கள். 1எஃப்ஜேஜி (1FJG) கோப்பில் ஸ்ட்ரெப்டோமைசின், ஸ்பெக்டினோமைசின், பாரமோமைசின் மூன்றும் அவரவர் இடத்தில் இருக்கின்றன. எம்ஆர்என்ஏவும் டிஆர்என்ஏ துண்டும் ஏ இடத்தில் இருப்பதைக் காண 1ஐபிஎல் (1IBL). 1ஜே5இயையும் இதையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, 1492, 1493 ஆகிய எண்களைத் தேர்ந்து பெரிதாக்கினால், இரண்டு அடினைன்களும் ஒன்றில் சுருளுக்குள்ளும் மற்றதில் வெளியிலும் இருப்பது தெரியும்.